அறிவியல் மையத்துக்குக் குட்டிகளோடு போகிறீர்களா? பாதியைப் பார்க்காமலே திரும்புங்கள்

முதல் முறை என் மகளை அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போனபோது அவளுக்கு 4 வயது. கையில் வரைபடம், ஏறி இறங்க மூன்று தளம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற வைராக்கியம். இரண்டரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தோம், அதாவது நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன், அவள் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு என் பின்னால் ஓடி வந்தாள். ராத்திரி படுக்கும்போது எது பிடித்தது என்று கேட்டேன். "கை காய வைக்கிற மெஷின்" என்றாள். கழிப்பறைச் சுவரில் சூடாகக் காற்று ஊதுமே, அது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. அன்றைக்கு அந்த ஒரு இடத்தில்தான் அவளை யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் அவள் தம்பிக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் பலமுறை போய், பலமுறை சொதப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன். 2 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். பொருள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் பழைய பாணி அருங்காட்சியகத்தைப் பற்றி நான் பேசவில்லை. தொடலாம், திருகலாம், நனையலாம் என்று இருக்கும் இடங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

கிளம்பும் முன்

மையத்தின் இணையதளத்தை முந்தைய நாள் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா, அதற்குத் தனி நேரச் சீட்டு வாங்க வேண்டுமா, எந்தக் கூடம் பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி உள்ளே வரலாமா, தள்ளுவண்டி விடுவார்களா. இந்த ஐந்தும் தெரிந்தால் போதும். குழந்தைக்கு ஆசை காட்டிக் கூட்டிப் போன கூடமே அன்றைக்கு மூடியிருந்தால் அந்த அழுகையைச் சமாளிப்பது கஷ்டம், அதனால் குறிப்பிட்ட ஒன்றைக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நேரம் ரொம்ப முக்கியம். கதவு திறக்கும்போதே போய் நின்றுவிடுங்கள். வேலை நாள்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குவது பெரும்பாலும் முற்பகலில், அதற்குள் உங்களுக்கு ஒரு மணி நேரமாவது அமைதியாகக் கிடைக்கும். இல்லையென்றால் அவர்கள் கிளம்பிய பிறகு பிற்பகலில் போகலாம், ஆனால் பகல் தூக்கம் தூங்கும் குழந்தை என்றால் அந்த யோசனையே வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் 3 வயதுக் குழந்தைக்கு எந்த அறிவியலும் ஏறாது.

உடை விஷயம்: முழங்கை வரை சுருட்டிவிடக்கூடிய சட்டை, வழுக்காத காலணி, ஒரு மாற்று உடுப்பு. தண்ணீர் விளையாட்டு இருக்கும் இடம் என்றால் இரண்டு. கூட்டத்தில் கண்ணில் படுகிற மாதிரி பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டுவிட்டு, வாசலில் நிற்கவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோனால் "என்ன சட்டை போட்டிருந்தான்?" என்று யாராவது கேட்கும்போது பதற்றத்தில் நிறம்கூட ஞாபகம் வராது. உங்கள் தொலைபேசி எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர்கள் பையில் வையுங்கள், அங்கே வேலை பார்ப்பவர்களின் சீருடையைக் காட்டி "என்னைக் காணோம் என்றால் இந்தச் சட்டை போட்டவங்ககிட்ட போ" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் யாராவது கூட வந்தால் ஒரு எச்சரிக்கை. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காது கேட்பதற்காக உள்ளே காக்ளியர் கருவி பொருத்தியவர்கள் சில காட்சிப்பொருள்களின் பக்கம் போகவே கூடாது, குறிப்பாக வலுவான காந்தங்கள், மின்பொறி பறக்கும் கருவிகள். அங்கே பலகை வைத்திருப்பார்கள், ஆனால் குழந்தையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர் கண்ணில் அது படாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மினுங்கும் விளக்குகள் எங்கே இருக்கின்றன என்று நுழைவிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

உள்ளே போனதும்

முதலில் கழிப்பறை. அப்புறம் பத்து நிமிடம் அவர்கள் இஷ்டத்துக்கு ஓடட்டும். புது இடம், பெரிய கூடம், எங்கும் விளக்கும் சத்தமும், அந்த வேகம் அடங்காமல் எந்தக் கருவியின் முன்னாலும் நிற்க மாட்டார்கள். நுழைவாயிலை ஒட்டியிருக்கும் பகுதியில்தான் எப்போதும் நெரிசல், எல்லோரும் முதலில் கண்ணில் படுவதிலேயே நின்றுவிடுவார்கள். நீங்கள் நேராகக் கடைசிக் கூடத்துக்கோ மேல் தளத்துக்கோ போய், அங்கிருந்து வாசல் பக்கம் வாருங்கள்.

எத்தனை பார்ப்பது? மூன்று, மிஞ்சினால் ஐந்து. குழந்தை ஒரே இடத்தில் நாற்பது நிமிடம் நின்றால் நிற்கட்டும். கொடுத்த காசுக்கு இன்னும் எவ்வளவோ பாக்கி இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் அடித்துக்கொள்ளும்.

இனி, எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதிக்கு வருவோம். வாயை மூடிக்கொண்டு இருப்பது.

2011-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எனக்கு நல்ல பாடம். பள்ளி சேரும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் ஒரு விநோதமான பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் ஒளிந்திருக்கும் வேலைகள் நான்கு. சில குழந்தைகளுக்கு ஆசிரியர்போல ஒருவர் வந்து, "இது இப்படித்தான் வேலை செய்யும், பார்" என்று ஒன்றை மட்டும் காட்டிக் கொடுத்தார். அந்தக் குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற மூன்றைத் தேடுவது குறைந்துவிட்டது. யாரும் கற்றுக்கொடுக்காத குழந்தைகள் அதிகம் துழாவி, அதிகம் கண்டுபிடித்தார்கள். பெரியவர் சொல்லிக் கொடுத்தால் அதோடு முடிந்தது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது, அதன் கணக்குப்படி அது சரிதான்.

ஆகவே, போன உடனே விளக்கப் பலகையைச் சத்தம்போட்டுப் படிக்காதீர்கள். குழந்தை துழாவிக்கொண்டிருக்கும்போது நீங்கள் உங்கள் மனதுக்குள் படித்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் சொல்வதற்கு. உங்களுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பலகை. கேள்வி கேட்டே ஆகவேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தால் "இப்போ என்ன ஆகும்?" என்றோ "இதைத் திருப்பிப் போட்டா?" என்றோ கேளுங்கள். "ஏன் இப்படி ஆகுது, சொல்லு" என்று மட்டும் கேட்க வேண்டாம். 5 வயதுக் குழந்தையின் காதில் அது பரீட்சை மாதிரி விழும், உடனே அடுத்த பொத்தானுக்கு ஓடிவிடும். அதுவாக "ஏன்?" என்று கேட்டால் ஒரே ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். தெரியவில்லையா, "தெரியலையே, செஞ்சு பார்ப்போமா" என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை.

அப்படிக் கேட்கும்போது மகளுக்கும் மகனுக்கும் ஒரே மாதிரி பதில் சொல்கிறோமா என்றும் கவனியுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு குழந்தைகள் அருங்காட்சியகத்தில் பெற்றோர்கள் பேசுவதைப் பதிவு செய்து பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. பெண் குழந்தைகளும் ஆண் குழந்தைகளும் கருவிகளை ஒரே ஆர்வத்தோடுதான் கையாண்டார்கள், ஆனால் அது எப்படி இயங்குகிறது என்ற விளக்கத்தைப் பெற்றோர்கள் ஆண் குழந்தைகளுக்குச் சொன்னது மூன்று மடங்கு. வேண்டுமென்று யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். நானும் செய்கிறேனோ என்று அதைப் படித்த பிறகு என்னையே ஒட்டுக்கேட்க ஆரம்பித்தேன்.

எங்கே போனாலும் கண்ணில் படுபவை

உலகத்தில் எந்த ஊர் அறிவியல் மையத்துக்குப் போனாலும் பாதிக் கருவிகள் பார்த்தவையாகவே இருக்கும். அணுகுண்டுத் திட்டத்தின் ராபர்ட் ஓப்பன்ஹைமர் தெரியுமல்லவா, அவருடைய தம்பி ஃபிராங்க் 1969-ல் சான் பிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற இடத்தைத் திறந்தார். அவரும் இயற்பியலாளர்தான். அரசியல் காரணங்களால் பல்கலைக்கழக வேலையை இழந்து, மாட்டுப் பண்ணை நடத்தி, கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவர். அங்கே உருவான கருவிகளை எப்படிச் செய்வது என்ற செய்முறைகளை 1970-களிலேயே அச்சிட்டு வெளியிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளட்டும் என்று. அதனால் கீழே சொல்பவற்றில் சிலவாவது நீங்கள் போகும் இடத்தில் இருக்கும்.

காற்றில் மிதக்கும் பந்து. என் மகள் இரண்டாம் முறை போனபோது நாற்பது நிமிடம் நின்றது இதில்தான், கை காய வைக்கும் மெஷினின் அண்ணன் என்று நினைத்துவிட்டாள்போல. கீழிருந்து காற்று வேகமாக ஊத, மேலே ஒரு பந்து விழாமல் ஆடிக்கொண்டே நிற்கும். குழாயைச் சாய்க்க முடிந்தால் மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள், பந்து சாய்ந்த காற்றிலேயே தொங்கும். பந்து ஓரத்துக்கு நகர்ந்தால் காற்று அதன் வளைவை ஒட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகத் திரும்புகிறது, காற்று வெளியே திரும்பப் பந்து உள்ளே இழுபடுகிறது. இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டாம். பந்தை விரலால் பிடித்து மெதுவாக வெளியே இழுக்கச் சொல்லுங்கள், அது போகமாட்டேன் என்று முரண்டு பிடிப்பது கையில் தெரியும். அந்த முரண்டுதான் பாடம்.

கிசுகிசுக் கிண்ணங்கள். கூடத்தின் இரண்டு கோடிகளில் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு பெரிய குழிந்த தட்டுகள். ஒன்றில் ரகசியம் பேசினால் எதிர்க்கோடியில் காதுக்குள் பேசுவதுபோலக் கேட்கும். குழந்தைகளுக்கு இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உயரம்தான், தட்டு ஒலியைக் குவிக்கும் இடத்துக்கு முகம் வருகிற மாதிரி படியில் ஏற்றுங்கள் அல்லது தூக்கிப் பிடியுங்கள். கத்தக் கூடாது என்று சொன்னாலும் கத்துவார்கள். நீங்கள் மறுமுனைக்குப் போய் அவர்கள் பெயரை மெல்லச் சொல்லுங்கள், திரும்பிப் பார்க்கும் அந்த முகத்துக்காகவே போகலாம்.

சுவரில் ஒட்டிக்கொள்ளும் நிழல். இருட்டறை, பளிச்சென்று ஒரு வெளிச்சம், நகர்ந்த பிறகும் நம் நிழல் சுவரிலேயே நிற்கும். சுவரில் ஒளியை வாங்கிவைத்து மெதுவாக விடும் பூச்சு இருக்கிறது, நாம் மறைத்த இடம் மட்டும் இருளாக நின்றுவிடுகிறது. முன்கூட்டியே "இருட்டா இருக்கும், டக்குனு லைட் வரும்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். இரண்டாம் முறை குதிக்கச் சொல்லுங்கள், நிழல் அந்தரத்தில் நிற்கும்.

வெப்பக் கேமரா இருந்தால் விடாதீர்கள். சுவரில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால் திரையில் கைத்தடம் தெரியும். கண்ணாடி போட்டவர்களுக்குக் கண் இருக்கும் இடம் கறுத்துப்போகும், உடம்பின் வெப்பக்கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுவதால். தாத்தாவைக் கறுப்புக் கண்ணாடியோடு பார்த்து என் மகன் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை.

கை பேட்டரி என்று ஒன்று உண்டு, ஒரு பக்கம் செம்புத் தகடு, மறுபக்கம் அலுமினியம், இரண்டிலும் கை வைத்தால் முள் நகரும். உள்ளங்கை வியர்வைதான் பேட்டரி திரவம். கையை ஈரமாக்கிக்கொண்டு வைத்தால் முள் இன்னும் எகிறும். குடும்பமே கைகோத்து, ஒரு கோடியில் இருப்பவர் செம்பிலும் மறுகோடியில் இருப்பவர் அலுமினியத்திலும் கை வைத்தாலும் முள் அசையும், பயமே வேண்டாம்.

முடியை நட்டுக்கொள்ளச் செய்யும் வேன் டி கிராஃப் இயந்திரம் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. 1929-ல் ராபர்ட் வேன் டி கிராஃப் முதலில் செய்தது. அந்த உலோக உருண்டையில் மின்னழுத்தம் லட்சக்கணக்கான வோல்ட் ஏறினாலும் அதில் சேரும் மின்னூட்டம் மிகக் கொஞ்சம், அதனால் சுருக்கென்று ஒரு பொறியோடு போகிறது. மென்மையான, விரித்துவிட்ட முடி அழகாக எழும்பும், இறுக்கிப் பின்னிய சடை அசையாது. ஈரப்பதம் அதிகமான நாளில் சுமாராகத்தான் இருக்கும். பணியாளர் சொல்கிறபடி மட்டும் செய்யுங்கள். குழந்தை பயந்தால் விட்டுவிடுங்கள், "அவன் பாரு எவ்வளவு தைரியமா நிக்கிறான்" என்று இன்னொரு குழந்தையைக் காட்டுவது வேண்டவே வேண்டாம்.

சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றி, பிறகு மார்போடு சேர்த்தால் வேகம் கூடும். நல்ல விளையாட்டு. ஆனால் சாப்பிட்ட உடனே கூடாது, காரணத்தை நான் விவரிக்கப் போவதில்லை.

பெரிய ஊசல் ஒன்று தொங்கினால் அது ஃபூக்கோ ஊசல், 1851-ல் பாரிஸில் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் தொங்கவிட்டது, பூமி சுழல்வதைக் காட்ட. குழந்தைகளுக்கு இது போரடிக்கும், ஏனென்றால் அது ஆடும் திசை மெல்லத் திரும்புவது கண்ணுக்கே தெரியாது. வந்த உடனே அது சுற்றி நிறுத்திய குச்சிகளில் எதற்கு நேராக ஆடுகிறது என்று காட்டி வைத்துவிட்டுப் போங்கள், கிளம்பும் முன் திரும்ப வந்து பாருங்கள். துருவத்தில் என்றால் ஏறக்குறைய 24 மணி நேரத்தில் ஒரு முழுச் சுற்று, 30 பாகை அட்சரேகையில் 48 மணி நேரம், நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்றால் இரண்டு மணி நேரத்தில் பெரிதாக ஒன்றும் நகர்ந்திருக்காது, இந்த வித்தையை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் மேசையைக் கடைசிக்கு வையுங்கள். இது மட்டும் கட்டளை. முதலில் போனால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும், ஈர உடம்போடு குளிரூட்டிய கூடங்களில் சுற்றவும் முடியாது. அணை கட்டுவது, பந்தை மிதக்கவிடுவது, திருகிக்கொண்டே தண்ணீரை மேலேற்றும் ஆர்க்கிமிடீஸ் திருகு என்று 2 வயதுக் குழந்தையும் 8 வயதுப் பிள்ளையும் சண்டை போடாமல் ஒன்றாக விளையாடும் ஒரே இடம் இதுதான்.

முறை, சத்தம், மற்ற குழந்தைகள்

பொத்தானை அழுத்திவிட்டு என்ன ஆனது என்றே பார்க்காமல் ஓடும் குழந்தைகளைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். முதல் சுற்றில் எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான். இரண்டாம் சுற்றில் எதற்குத் திரும்பி வருகிறது என்று பாருங்கள், அதில் நில்லுங்கள்.

பின்னால் வரிசை நின்றால் "இன்னும் இரண்டு தடவை, அப்புறம் அந்த அக்காவுக்கு" என்று எண்ணிக்கை சொல்லுங்கள். நிமிடக் கணக்கு சின்னக் குழந்தைக்குப் புரியாது, தடவைக் கணக்கு புரியும். இன்னொருவர் குழந்தை விடாப்பிடியாக இருந்தால் அதன் பெற்றோரோடு மல்லுக்கு நிற்காமல் அந்தக் குழந்தையிடமே "நீ முடிச்சதும் இவனுக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள், பல சமயம் பலிக்கும்.

கோளரங்கக் காட்சிக்கும் மேடைக் காட்சிகளுக்கும் டிக்கெட் எடுக்கும் முன் எவ்வளவு நேரம், எத்தனை வயதிலிருந்து, வெடிச் சத்தம் உண்டா என்று கேளுங்கள். -196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை வைத்துப் பூவை நொறுக்கும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும், பலூனைத் தீயிட்டு வெடிப்பது எல்லோருக்கும் பிடிக்காது. நடைபாதை ஓர இருக்கையில், வெளிவாசல் பக்கமாக உட்காருங்கள். நாங்கள் ஒருமுறை கோளரங்கத்தின் நட்டநடு வரிசையில் உட்கார்ந்து, சூரியன் அஸ்தமித்த நிமிடமே மகன் அலற ஆரம்பிக்க, இருட்டில் பதினைந்து பேர் காலை மிதித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

எல்லோரும் தொடும் இடம், எனவே எதையும் வாயில் வைக்கும் முன் கை கழுவவேண்டும். வேலை செய்யாத கருவி ஒன்றாவது இருக்கும், முகம் சுளிக்காமல் பணியாளரிடம் சொல்லிவிட்டு நகருங்கள்.

கிளம்புவது

5 வயதுக்குக் கீழே என்றால் ஒன்றரை மணி நேரம், அதிகபட்சம் இரண்டு. கண்ணைக் கசக்குவது, ஒன்றுமில்லாததற்குத் தம்பியை அடிப்பது, தரையில் படுப்பது எல்லாம் ஒரே செய்திதான். அதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். "கடைசியா எது?" என்று அவர்களையே தேர்ந்தெடுக்கவிட்டு, அதை முடித்துக்கொண்டு வாசலுக்கு வாருங்கள். வெளியே போகும் வழி பெரும்பாலும் கடை வழியாகத்தான் இருக்கும், வாங்குவதா இல்லையா என்பதைக் காலையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும், அங்கே நின்று பேசினால் தோற்றீர்கள். மையம் பக்கத்திலேயே இருந்து ஆண்டு உறுப்பினர் திட்டமும் இருந்தால் அதை யோசியுங்கள், ஒரு மணி நேரம் போய்விட்டுத் திரும்பினாலும் மனசு உறுத்தாது.

திரும்பும் வழியில் "என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். பாதி தூங்கிவிடுவார்கள், மீதிக்குப் பசி. நாலைந்து நாள் கழித்து அவர்களாகவே எதையாவது பேசுவார்கள், அப்போது கையில் இருப்பதை வைத்து வீட்டில் செய்துபாருங்கள். எங்கள் வீட்டில் அது முடி உலர்த்தியும் ஒரு டேபிள் டென்னிஸ் பந்தும். முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து, நேராக மேல்நோக்கிப் பிடித்து, பந்தைக் காற்றின் நடுவில் விடுங்கள். நிலையாக மிதக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்கலாம். காற்று உள்ளே இழுக்கும் பின்பக்கத்தைக் கை மறைக்கக் கூடாது, மறைத்தால் கருவி சூடேறக்கூடும். தண்ணீர் இருக்கும் இடத்தில் வேண்டாம், கருவியைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும். பந்து மூன்றாவது முறை கட்டிலுக்கு அடியில் உருண்டபோது என் மகள் தேடி எடுத்துவந்தது இரண்டு பந்துகளை, இரண்டையும் ஒன்றாக விடச் சொன்னாள்.